சரிந்து நின்ற கார்

அத்தானை அடக்கம் செய்த பிறகும் அவருடைய கார் எங்கள் வளவில்தான் நின்றது. பொலிஸ்காரர் பார்த்து முடித்ததும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து, உவர்மலை வீட்டின் பின்புறத்தில் வேப்பமரத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனார்கள். முன்பக்கத்து இடது சில்லு ரயரோடு உள்ளே மடிந்து கிடந்தது. அதனால் கார் அந்த மூலையில் தாழ்ந்து, கோயிலில் ஒற்றை முழந்தாளில் நிற்கிற ஆளைப்போல இருந்தது. குசினி யன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அத்தான் என் ஒரே அக்காவின் கணவர். துறைமுகத்தில் இழுவைப்படகொன்றின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் துறைமுகத்தில்தான், வேலைத்தளத்தில் பொறிகள் பூட்டுகிற பிற்றர். அக்கா பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணம் கட்டாத நானும் அதே வீட்டில் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது.

அந்தக் கார் எங்கள் ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. இரண்டு கதவு, வெள்ளை நிறம், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. பார்த்தால் சாதாரணக் குடும்பக் காரைப் போலத்தான் தெரியும். பொனற்றைத் திறந்தால்தான் விஷயம் விளங்கும். ஓட்டப்பந்தயத்துக்கென்று முறுக்கேற்றிய எஞ்சின், குட்டையும் கெட்டியுமான ஸ்பிரிங்குகள். மலைநாட்டுத் தோட்டமொன்றில் துரையாக இருந்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது அத்தான் அதை வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு சீனக்குடாப் பக்கத்து நேர்வீதிக்குக் கொண்டுபோவார். "கடலில கப்பலை இழுத்து இழுத்து ஊர்ந்து திரியிறவனுக்குத் தரையில இப்பிடி ஒண்டு வேணும்" என்பார்.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் இருவரும் திரியாய்க்குப் போனோம். அங்கே அத்தானுக்கு வயல் செய்கிற ஒரு கமக்காரச் சிநேகிதர் இருந்தார். பகல் சாப்பாடு முடிந்து புறப்படும்போது அவர் ஒரு சட்டி எருமைத்தயிர் தந்தார். அதை என் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குச்சவெளி கடந்தது நினைவிருக்கிறது. கடல் ஒரு பக்கமும் பனங்காணி ஒரு பக்கமுமாக வீதி நேராகக் கிடந்ததும், அத்தான் தன் படகுச் சமையற்காரனைப் பற்றி ஏதோ பகிடி சொல்லத் தொடங்கியதும் நினைவிருக்கின்றன. அந்தப் பகிடியின் முடிவு எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என் வாய்க்குள் மணல். யாரோ என் தோளைத் தொட்டதும் நான் கத்தியது. சட்டை முழுவதும் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. தயிர் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இடையில் என்ன நடந்தது என்பது என்னிடம் இல்லை.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஓடிவந்து எங்களைத் தூக்கினார்கள். கார் வீதியை விட்டு விலகி மணலில் சுழன்று நின்றிருக்கிறது. வலப்பக்கக் கதவு திறந்து அத்தான் வெளியே வீசப்பட்டு, மதகின் கல்லில் அவருடைய தலை பட்டிருக்கிறது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எனக்குத் தோள் எலும்பு மட்டும் உடைந்திருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். "என்ன ஓட்டம் ஓடினவர்?" "மாடு கீடு குறுக்கால வந்ததோ?" "நித்திரை தூங்கிப்போனாரோ?" ஒவ்வொருவருக்கும் நான் "தெரியாது, நினைவில்லை" என்றேன். பக்கத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் ஊர் தானே ஒரு முடிவுக்கு வந்தது. வேகப் பைத்தியம், அதுதான் கொண்டுபோனது. அத்தானின் தமையன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், அதை எல்லோரிலும் உறுதியாகச் சொன்னார். சுங்கப்பகுதியில் வேலை செய்த கண்டிப்பான மனிதர். அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் கெஞ்சியவர்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவர் எங்கள் குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, யன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "தங்கச்சி, உந்தக் காரை இதில வைச்சிருக்கக் கூடாது. இரும்பு விலைக்குக் குடுங்கோ. இல்லாட்டிச் சொல்லுங்கோ, நான் ஆக்களைக் கொண்டு வந்து கடலுக்குள்ள தள்ளிவிடுறன்."

அக்கா அவருக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தார்.

அந்தக் கார் சும்மா நிற்கவில்லை. யாரிடமும் இதை அப்போது சொல்லியிருக்க மாட்டேன். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் விரிந்து சுருங்குவது எனக்குத் தெரியாத காரியமில்லை. ஆனால் இந்தச் சத்தம் வேறு. யாரோ உள்ளே ஏறி இருக்கையில் உட்காரும்போது ஸ்பிரிங் அமர்கிற சத்தம். பட்டப்பகலில், காற்று இல்லாத நேரத்தில் கேட்கும். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் அதைக் கேட்டு, வாளியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கார் மெல்ல ஆடி ஓய்ந்ததுபோல இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் அத்தானின் சீப்பு, அவர் குடித்துவிட்டுப் போட்ட சோடாப் போத்தல். ஓட்டுநர் இருக்கையின் தோலில் அவருடைய பாரம் பதிந்த குழி.

பங்குனி மாதம், காய்ச்சலோடு வேலைத்தளத்திலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். காருக்குள் ஆள் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அக்கா. ஸ்ரியரிங்கில் அப்பியாசக் கொப்பிகளைச் சாய்த்துவைத்து, பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கார் சரிந்து நின்றபடியால் அவருடைய உடம்பும் இடப்பக்கம் சரிந்திருந்தது. சிவப்புப் பேனையைக் கீழே வைத்தால் உருண்டு ஓடிவிடும் என்பதற்காக அதைக் கொண்டைக்குள் செருகியிருந்தார்.

"என்னக்கா இது?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா இதுக்குள்ளதான் இருக்கிறனான்" என்றார். "உனக்குத் தெரியாது, நீ வேலைக்குப் போயிடுவாய்."

"எத்தினை நாளா?"

"நீ திரும்ப வேலைக்குப் போன நாளில இருந்து." மற்றக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு" என்றார்.

என்னால் ஏற முடியவில்லை. அன்றைக்கு நான் இருந்த இடப்பக்க இருக்கை அது. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.

"உனக்கு ஒண்டும் நினைவில்லையெண்டது எனக்குத் தெரியும். நான் உன்னைக் கேக்கயில்லை. ஆனா இதுக்குத் தெரியும்தானே?" என்று அக்கா ஸ்ரியரிங்கில் கை வைத்தார். "உடைஞ்சதைக் கழட்டு. என்னெண்டு பாப்பம். பிறகு சரியாக்குவம். இது இப்பிடிச் சரிஞ்சு நிக்கிறதை எனக்கு இனிப் பாக்கேலாது."

உடைந்தது என்னவென்று சொல்ல வேண்டும். அந்தக் காரின் முன்சில்லு ஒவ்வொன்றையும் ஒரு நிமிர்ந்த உருக்குக் குழாய் தாங்குகிறது. குழாய்க்குள் எண்ணெய் அடைத்த சொக் அப்சோபர், அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங், அடியில் சில்லு பூட்டும் அச்சு. மேல்முனை பொனற்றுக்குள் நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். முழுவதும் சேர்ந்த அந்த ஒற்றைக் காலை ஸ்ட்ரட் என்போம். அது முறிந்தால் சில்லுக்குப் பிடிமானம் இல்லை.

என் தோள் முழுவதும் ஆறக் காத்திருந்து, ஒரு விடுமுறை நாளில் தொடங்கினோம். அக்கா அத்தானின் பழைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். காரை ஜக்கில் உயர்த்தி மரக்குற்றியில் நிறுத்தினோம். மேல் நட்டுகளை அவரே கழற்றினார். கீழே பிறேக் குழாயையும் மற்றப் பிடிகளையும் நான் விடுவித்தேன். ஸ்ட்ரட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது.

மேல்துண்டில் ஸ்பிரிங் அமுங்கியபடியே இருந்தது. அதுதான் பயமான கட்டம். பிடி விட்டால் ஆளின் முகத்தைக் கொண்டுபோய்விடும். வேலைத்தளத்தில் நான் செய்துகொண்டுவந்த கொளுக்கிகளை இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறி முறுக்கினோம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அக்காவின் நெற்றி வியர்வை ஸ்பிரிங்கில் சொட்டியது.

"அக்கா, முகத்தை விலத்துங்கோ."

"நான் விலத்தினால் ஆர் பிடிக்கிறது?"

கடைசி நட்டு கழன்றதும் கொளுக்கியைத் தளர்த்தி விட்டோம். ஸ்பிரிங் மெதுவாக நீண்டு, மரக்குற்றியில் சாய்ந்து கிடந்தது. கிணற்றடியில் நின்று நான் கேட்ட சத்தம் அதிலிருந்து கடைசித் தடவையாக ஒரு முறை வந்தது. இருவரும் கேட்டோம்.

முறிந்த குழாயின் முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தேன். அச்சோடு சேர்ந்த இடத்துக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. முகத்தின் ஒரு பாதியில் மேலாகப் படிந்த புதுத்துருவுக்குக் கீழே உப்புக்கல் உடைந்ததுபோலச் சொரசொரப்பு. மற்றப் பாதி அப்படியில்லை. கறுத்து, வழுவழுத்து, சிப்பியின் முதுகில் இருப்பதுபோல மெல்லிய வளைவு வரிகள். பாரந்தூக்கிகளின் அச்சுகளில் இந்த மாதிரி முகத்தை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஒரே அடியில் முறிகிற உருக்கில் அந்த வரிகள் வராது. வெடிப்பு எப்போதோ தொடங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு மயிரிழை தூரம் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறது. குச்சவெளி வீதியில் மிச்சப் பாதி போயிற்று.

"இது கார் சுழண்டதில உடைஞ்சதில்லை" என்றேன். "இது உடைஞ்சதாலதான் கார் வீதியை விட்டு இறங்கினது."

"அப்ப அவர் வேகமா ஓடினதில்லையோ?"

"வேகமா ஓடியிருந்தாலும் ஓடாட்டியும் இது அண்டைக்கோ அடுத்த நாளோ முறியிறதுதான்."

அக்கா அந்தத் துண்டை வாங்கி, சிப்பி வரிகளின் மேல் பெருவிரலால் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். "எவ்வளவு நாளா இது வெடிச்சுக்கொண்டு எங்களோட இருந்திருக்கு" என்றார். "இதிலதானே நாங்கள் மடுக் கோயிலுக்குப் போனது."

மறுநாள் பெரியத்தானைக் கூப்பிட்டு அதைக் காட்டினோம். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நம்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு பாதியையும் பார்த்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு துண்டைக் கீழே வைக்கக்கூட மறந்து, கையில் பிடித்தபடியே கேட்டார்:

"அப்ப அவன் ஒரு பிழையும் செய்யயில்லையோ?"

"இல்லை, பெரியத்தான்."

"ஒண்டுமே செய்யாமலோ செத்தவன்? சும்மாவோ?"

தம்பியின் மேல் கோபப்பட முடிந்தவரை அவர் ஒருவாறு எழுந்து நடமாடியிருக்கிறார். அதை நாங்கள் பறித்துவிட்டோம். படலையைச் சாத்தாமலே போனார். அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் பக்கம் வரவில்லை. பூசையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

புது ஸ்ட்ரட்டுக்கு வழி இருக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான்கள் இறங்காத காலம். கொழும்பில் கேட்டால் சிரித்தார்கள். பிறகு வேலைத்தளத்தில் ஒருவர் சொன்னார், கிண்ணியாவில் ஒரு முதலாளியின் வளவில் அதே கம்பனியின் நாலு கதவுச் சாதாரணக் கார் ஒன்று கிடக்கிறது, அறுபத்துநாலு மார்கழிப் புயலில் அதன் மேல் மரம் விழுந்தது என்று. ஸ்பிரிங் வேறு, எஞ்சின் வேறு. ஆனால் முன்கால் இரண்டு காரிலும் ஒன்றேதான். இடப்பக்கத்துக் கால் நல்லதாக இருந்தால் எங்களுக்குப் போதும்.

நானும் அக்காவும் பாதைப்படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனோம். முதலாளி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நெல் வியாபாரம். எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வருவித்து, வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அந்தக் காரில நான் கை வைக்கிறல்ல, தம்பி. ஆரையும் வைக்க விடுறதுமில்ல."

வளவின் மூலைக்குக் கூட்டிப்போனார். விழுந்த தென்னையை முதலாளி எடுக்காமல் விட்டதில், அது பின்கூரையின் மேலேயே கிடந்து, உக்கி, உதிர்ந்துகொண்டிருந்தது. காரின் முன்பாதி முழுசாக நின்றது. பின்பாதி ஆள் உயரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

"புயல் தொடங்கக்குள்ள நான் இதுக்குள்ளதான் இருந்தன்" என்றார் முதலாளி. "வீடு பறக்கும், காருக்குள்ள இருந்தா தப்பலாம் எண்டு ஒரு நினைப்பு. பின்சீற்றில சாஞ்சு கிடந்தன். பொறகு என்ன நினைச்சனோ தெரியா, கதவைத் தொறந்துக்கிட்டு ஓடிட்டன். வாசல்ல கால் வைக்கிறன், பின்னால இந்தச் சத்தம். ஏன் எறங்கினன்? ஆர் எறங்கச் சொன்னது? இண்டைக்கும் எனக்குத் தெரியா. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து இந்த இடத்தில வந்து நிண்டு பார்க்கிற. என்ட மௌத்து, என்ட சாவு, இதுக்குள்ள இரிக்கு, புள்ள. அதில ஒரு துண்டைக் கழட்டித் தாங்க எண்டு கேக்கிறீங்க."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என்னுடையது போலிருந்தது. ஒரே காரில் இருந்து, ஒருவர் போக நான் ஏன் இருக்கிறேன்?

அக்கா அந்தக் காரின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து நின்றார். "நானா" என்று அண்ணன் முறையில் அவரைக் கூப்பிட்டு, "எங்கட காரில இருந்தவர் இறங்கயில்லை" என்றார். "இறங்கினவர் நீங்கள். உங்கட கார் உங்களைக் கொல்லயில்லைத்தானே. அதிண்ட கால் ஒண்டைத் தாங்கோ, நான் அதில ஓடப்போறன்."

"நீங்களா ஓடப்போற?"

"ஓம். நான்தான்."

முதலாளி தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைவிட முன்னதாக அந்தக் காரின் பக்கத்தில் குந்தினார். "எந்த நட்டு, தம்பி? சொல்லுங்க" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை என்று அவர் நட்டை முதலில் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது. துரு பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பனரில் குழாய் செருகி, மூவருமாகத் தொங்கினோம். பொழுது சாய்வதற்கு முன் கால் கழன்றது. அவர் எவ்வளவு சொல்லியும் ஒன்றும் வாங்கவில்லை. படகுத் துறைவரை கூடவந்து, "ஓடிப் பாத்துட்டு எனக்கு ஒரு சேதி அனுப்புங்க" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது அக்கா அதைச் சாக்கில் சுற்றி மடியில் குறுக்காக வைத்திருந்தார். படகிலிருந்த ஒரு கிழவி, "என்ன மோனே, திருக்கை மீனோ?" என்று கேட்டாள். அத்தான் போன பிறகு அக்கா சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்து முடிக்கும் முன்பே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த காலைத் திறந்து, உள்ளே புது எண்ணெயும் அடைப்பான்களும் போட்டேன். அதற்கு மேல் அத்தானின் கெட்டி ஸ்பிரிங்கை அமுக்கி ஏற்றினோம். வெயில் தாழ்ந்த நேரங்களில் வேலை செய்து, ஒவ்வொரு பிடியாகப் பூட்டினோம். கடைசியில் பிறேக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அக்கா ஓட்டுநர் இருக்கையில். நான் சில்லடியில் படுத்திருந்தேன்.

"அமத்துங்கோ!"

"அமத்திற்றன்."

"பிடிச்சுக்கொள்ளுங்கோ... விடுங்கோ. திரும்ப அமத்துங்கோ!"

ஒரு தடவை நான் இன்னும் சொல்லாமலே பிறேக் அமர்ந்தது. எண்ணெய் என் கையில் பீச்சியடித்தது. "சொல்ல முன்னம் ஏனக்கா அமத்தினீங்கள்?" என்று கத்தினேன். அக்காவின் குரல் காருக்குள் இருந்து வரவில்லை. குசினிப் பக்கமிருந்து வந்தது: "நான் துணி எடுக்க வந்தனான், என்ன?" நான் காரின் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன். இருக்கையில் ஒருவரும் இல்லை. குழாயில் தங்கியிருந்த காற்று தள்ளியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.

குற்றியை எடுத்து ஜக்கை இறக்கியதும் கார் நான்கு காலிலும் நிமிர்ந்து நின்றது. அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நிமிர்ந்த காரைப் பார்க்க எனக்கு ஏனோ முன்னையைவிடப் பயமாக இருந்தது. எந்த நேரமும் புறப்படலாம் என்பதுபோல நின்றது.

அக்காவுக்குக் கார் ஓட்டப் பழக்கியது அத்தான்தான். அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர் ஓட்டினார். நான் இடப்பக்கத்தில் ஏறினேன். ஏறுவதற்கு முன் இரண்டு தடவை இறங்கினேன். நிலாவெளி உப்பளம்வரை கார் நன்றாக ஓடியது. பள்ளத்தில் விழுந்து எழும்போது இடப்பக்கம் வலப்பக்கத்தைப் போலவே அமைதியாக இருந்தது.

உப்பளம் கடந்து பனங்காணி தொடங்கிய இடத்தில் ஒரு ஆடு வீதிக்குக் குறுக்காகப் பாய்ந்தது. அக்கா பிறேக்கை மிதித்தார். மிதித்த அதே கணத்தில் அவருடைய இடக்கை தன்பாட்டில் நீண்டு, என் நெஞ்சுக்குக் குறுக்காக வந்து என்னை இருக்கையோடு அழுத்தியது. ஆடு போய்விட்டது. கார் நின்றது. கை மட்டும் இன்னும் என் நெஞ்சில்.

நான் கத்தினேனாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறொரு கை. மயிர் அடர்ந்த, வெயிலில் கறுத்த, எண்ணெய் மணக்கிற கை. இடப்பக்கம் முன்னால் ஒரு வெடிச்சத்தம், நிலம் திடீரென்று கிட்ட வருகிறது, அதே நேரம் அந்தக் கை குறுக்காக விழுந்து என்னை அழுத்துகிறது. கடிகாரத்தின் உருக்குப்பட்டி என் தாடையில் இடிக்கிறது. மடியிலிருந்த சட்டி அந்தக் கைக்கும் என் வயிற்றுக்கும் இடையில் நொறுங்குகிறது. கார் சுழல்கிறது. கை எடுபடவில்லை. சுழன்று முடியும்வரை எடுபடவில்லை. பிறகு திடீரென்று அந்த இடத்தில் கை இல்லை, வெளிச்சம்தான் இருந்தது.

அக்கா என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "என்னடா? என்ன செய்யுது? சொல்லு!"

சொன்னேன். தயிர்ச்சட்டி நொறுங்கியதையும் சொன்னேன்.

அக்கா கேட்டார்: "இடக்கையோ?"

"ஓம்."

"அப்ப ஸ்ரியரிங்கை வலக்கையாலதான் பிடிச்சிருக்கிறார்."

அவர் கணக்கு ரீச்சர். அந்தக் கணக்கை நான் செய்வதற்கு முன்னரே செய்துவிட்டார். இரண்டு கையாலும் பிடித்திருந்தால் அந்தக் கதவு வழியே போயிருப்பாரா என்பதுதான் கணக்கு. விடையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைக் குற்றம் சொல்கிற பார்வை வந்துவிடுமோ என்று அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் என் தலையில் கையை வைத்து, சின்ன வயதில் செய்வதுபோல மயிரைக் கோதிவிட்டார்.

"ஆளைத் தெரியும்தானே எங்களுக்கு" என்றார். "வேற என்ன செய்திருப்பார்?"

பிறகு காரைத் திரும்பவும் இயக்கி, அத்தான் விழுந்த மதகுவரை ஓட்டி, இறங்காமல் அங்கேயே திருப்பினார்.

பெரியத்தானிடம் அக்கா தனியாகப் போய்ச் சொன்னார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் மதிலோரம் நின்ற அந்தக் காரின் பக்கத்தில் பெரியத்தான் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லும் பேசாமல் முன்னால் ஏறினார். அக்கா அவரை அத்தானைப் புதைத்த சவக்காலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அவருக்குக் கால் ஏலாமல் போகும்வரை அது ஞாயிறு வழக்கமாயிற்று. கிண்ணியாவுக்கு நான் சேதி அனுப்பினேன். முதலாளி அந்தத் தென்னையின் மிச்சத்தை அள்ளி, காரையும் அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா அந்தக் காரைப் பல வருடம் ஓடினார். அதற்குப் பிறகு அவர் நன்றாக நித்திரை கொண்டார், கொஞ்சம் சதை வைத்தார், மாணவர்களைப் பழையபடி ஏசினார். எனக்கு அப்படியில்லை. மறந்திருந்த காலத்தில் அது ஒரு வெறும் இடமாகத்தான் இருந்தது. நினைவு வந்த பிறகு அது போகவில்லை. பஸ்ஸில் போகும்போது, வேலைத்தளத்தில் குனிந்து நிமிரும்போது, கல்யாணமான பிறகு என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதும்கூட, நெஞ்சுக்குக் குறுக்காக அந்தப் பாரம் வந்து விழும். தட்டிவிட மனம் வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் திரும்பி அவருடைய முகத்தைப் பார்க்கப் பல தடவை முயன்றிருக்கிறேன். அன்றைக்கு நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் கை மட்டும்தான் தெரிகிறது.